பூட்டு: ஒரு சொல்லின் வரலாறு

திண்டுக்கல் என்றவுடன் தமிழர் நாவில் அடுத்து வரும் சொல் பூட்டு. ஊர்ப்பெயரோடு ஒட்டிய இச்சொல்லை ஒரு சரக்கின் பெயராகவே பலரும் அறிவர். வீட்டுக் கதவிலும் கடை வாயிலிலும் கோயில் நடையிலும் தொங்கும் இரும்புப் பொருளே அவர்கள் அறிந்த பூட்டு. ஆயினும் இரும்பு வருமுன் இச்சொல் எங்கிருந்தது, உடன்பிறந்த மொழிகளில் அதன் கிளைகள் எத்திசையில் படர்ந்தன, பிறமொழியார் அதே பொருளை வேறு எந்தச் சொல்லால் அழைத்தனர் என்று பார்த்தால், ஒரு சிறு சொல்லுக்குள் உழவும் திருமணமும் இலக்கணமும் வாணிகமும் சேர்ந்து கிடப்பது தெரியவரும். தமிழ்ச் சொற்களை நாள்தோறும் எடுத்தாளும் கவிஞர்க்கு இவ்வரலாறு பயன்படக் கூடியது.

வேர்

பூட்டு என்னும் வினையின் தாய்வினை பூண் என்பது. உண் என்பதிலிருந்து ஊட்டு பிறந்தது. காண் என்பதிலிருந்து காட்டு பிறந்தது. அம்முறையிலேயே பூண் என்பதிலிருந்து பூட்டு பிறந்தது. உண்பவன் தானே உண்கிறான், ஊட்டுபவன் பிறரை உண்ணச் செய்கிறான். அதுபோலப் பூண்பவன் தன்மேல் ஒன்றை ஏற்கிறான். பூட்டுபவன் பிறிதொன்றை ஏற்கச் செய்கிறான். ஆக, பூட்டு என்பதன் முதற்பொருள் அடைத்தலோ மறைத்தலோ அன்று. ஒன்றை மற்றொன்றோடு பொருந்தச் செய்தல் என்பதே.

பூண் என்னும் சொல்லின் வழக்குகளை நிரல்படுத்தினால் இது தெளிவாகும். அணிகலனைப் பூண்கிறோம், ஆதலால் அணிகலனே பூண் எனப்பட்டது. நோன்பு பூண்கிறோம், உறுதி பூண்கிறோம், கோலம் பூண்கிறோம். மார்பில் பூணும் நூல் பூணூல் ஆயிற்று. உலக்கையின் நுனியில் மரம் பிளவாதபடி கொல்லன் இறுக்கும் இரும்பு வளையமும் பூண்தான். உடலில் நகையும், உள்ளத்தில் உறுதியும், மரத்தில் இரும்பும் ஒரே வினையால் சேர்கின்றன. திண்டுக்கல் வட்டாரத்துக் கொல்லர் பட்டறைகளில் உலக்கைக்குப் பூண் இட்ட கைகளும், கதவுக்குப் பூட்டுச் செய்த கைகளும் ஒரே மரபைச் சேர்ந்தவை. சொல்லிலும் தொழிலிலும் பூணும் பூட்டும் ஒரே குடும்பம்.

ஏரில் பூட்டியது

சங்கப் பாடல்களில் பூட்டப்படுவது தேரும் புரவியும், வில்லும் நாணும். பரியைத் தேரில் பூட்டினர். நாணை வில்லில் பூட்டினர். நாட்டு வழக்கில் அதே சொல் எருதையும் ஏரையும் சேர்த்தது. நுகத்தடியில் மாட்டின் கழுத்தைச் சேர்த்துக் கட்டும் கயிற்றுக்குப் பூட்டாங்கயிறு என்று பெயர். சித்திரை பிறந்ததும் நல்ல நாள் பார்த்து முதலுழவு தொடங்கும் சடங்கு நல்லேர் பூட்டுதல் என்றும் பொன்னேர் பூட்டுதல் என்றும் வழங்கியது. ஏரைப் 'பூட்டினான்' என்றால் வேலை தொடங்கிற்று என்று பொருள். 'ஏர் அவிழ்த்தான்' என்றால் அன்றைய வேலை முடிந்தது என்று பொருள்.

திண்டுக்கல் சமவெளி மேட்டு நிலமும் கிணற்றுப் பாசனமும் மிகுந்த நாடு. சிறுமலையும் கொடைக்கானல் மலைத்தொடரும் கண்ணுக்குத் தெரிய நின்றாலும், சமவெளியின் வானம் பெரும்பாலும் வறண்டதே. இங்கே மின்விசைப் பொறி வரும்வரை கமலை இறைப்பே பயிர்களுக்கு உயிர். விடியுமுன் மாடுகளைக் கமலையில் பூட்டினர்; வெயிலேறியதும் அவிழ்த்தனர். அக்காலத்து உழவன் வாயில் 'பூட்டியாச்சா?' என்ற கேள்வி கதவைக் குறித்ததாக இருக்க வாய்ப்புக் குறைவு. அது மாட்டைக் குறித்தது. அன்றைய நீரைக் குறித்தது.

இதே சொல் திருமணப் பந்தலுக்கும் சென்றது. தாலி கட்டும் மங்கலச் செயலைத் திருப்பூட்டு என்பது தமிழ்நாட்டில் சிலரிடையே உள்ள மரபு. அடிமுறை ஆசான்கள் எதிரியின் மூட்டைத் தம் பிடியில் சிக்கவைக்கும் முறையைப் பூட்டு என்றும், அதிலிருந்து விடுபடும் முறையைப் பிரிவு என்றும் கற்பித்தனர். இவ்விடங்கள் எல்லாவற்றிலும் பூட்டுதல் இரண்டு பொருள்களைக் கேட்கும் வினையாகவே நிற்கிறது. மாடும் நுகமும், வில்லும் நாணும், மணமகளும் தாலியும், கையும் கையும் என்று இரண்டு இருந்தாலன்றிப் பூட்ட இயலாது. தனித்த ஒன்றை மூடலாம், மறைக்கலாம், பூட்ட முடியாது.

பாட்டில் பூட்டியது

புலவர்கள் இச்சொல்லைச் செய்யுளின் உள்ளமைப்புக்கே பெயராக எடுத்துக்கொண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தியார் எண்வகைப் பொருள்கோள்களுள் ஒன்றுக்கு விற்பூண் என்று பெயரிட்டார். அது பூட்டுவிற் பொருள்கோள் என்றும் வழங்கும். செய்யுளின் இறுதியில் நிற்கும் சொல் முதலில் நிற்கும் சொல்லோடு சேர்ந்து பொருள் முடிவது இதன் இலக்கணம். வளைந்த வில்லின் இரு முனைகளையும் ஒரு நாண் சேர்ப்பது போலப் பாட்டின் இரு முனைகளையும் பொருள் சேர்க்கிறது.

'திறந்தது, மழைக்காற்று வந்து தொட்டதும் நெடுநாள் சாத்திய கதவு' என்று ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். திறந்தது எது என்ற வினா முதற்சொல்லிலேயே எழுகிறது. விடை கடைசிச் சொல்லில் கிடைக்கிறது. இடையில் நிற்கும் சொற்கள் அந்த இழுவிசையில் நிற்கின்றன. நாணைக் கழற்றினால் வில் வெறும் கோலாவது போல, முனைகள் சேராவிட்டால் இத்தொடரும் வெறும் சொல்லடுக்காகும். பூண் என்ற பெயரையும் பூட்டு என்ற பெயரையும் ஒரே பொருள்கோளுக்கு ஆண்டதிலிருந்து, இவ்விரு சொற்களின் உறவு இலக்கண ஆசிரியர் நினைவில் உயிரோடிருந்தது என்று கொள்ளலாம்.

கதவுக்கு வந்தது எவ்வாறு?

பண்டைத் தமிழில் கதவை அடைத்துக் காக்கும் கருவிக்கு வேறு பெயர்கள் இருந்தன. கோட்டை வாயிலுக்குக் குறுக்கே இடும் பெரிய மரத்தை எழு என்றும் கணையம் என்றும் அழைத்தனர். மன்னர் தோளுக்கு அதை உவமை கூறுவது புலவர் மரபு. வீட்டுக் கதவுக்குத் தாழ் இருந்தது. திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற்குறள் ஆள்வதும் தாழ் என்னும் சொல்லே. தாழ்ப்பாள், தாழிடுதல் என்பன அதன் வழிவந்தவை. கோயில் கதவுக்குக் காப்பு என்ற சொல் வழங்கியது. திருமறைக்காட்டில் திறவாது கிடந்த வாயிற்கதவு திறக்க அப்பர் பாடினார், மீண்டும் அடைக்கச் சம்பந்தர் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அங்கே நீங்கியது திருக்காப்பு. கோயில் நடை சாத்துவதைத் திருக்காப்பிடுதல் என்பது இன்றும் மரபு. காப்பு என்பது கையில் அணியும் வளையுமாகும் என்பதும், பூண் என்பது அணிகலனுமாகும் என்பதும் ஒப்பிட்டு எண்ணத்தக்கவை. காக்கும் பொருளையும் அணியும் பொருளையும் தமிழ் அடுத்தடுத்து வைத்திருக்கிறது.

தாழ் இருந்த இடத்தில் பூட்டு எவ்வாறு வந்தது என்பதற்குத் தொங்கு பூட்டின் அமைப்பே விடை தருகிறது. கதவில் ஒரு கொண்டி இருக்கிறது. நிலையில் ஒரு நாதாங்கி இருக்கிறது. கதவைச் சாத்திக் கொண்டியை நாதாங்கியில் மாட்டிய பிறகு, இவ்விரண்டும் பிரியாதபடி ஒரு வளையம் ஊடுருவிச் சேர்க்கிறது. கதவை அடைத்தது கதவேயன்றிப் பூட்டு அன்று. பூட்டின் வேலை கொண்டியையும் நாதாங்கியையும் பிணைத்து நிறுத்துவது. மாட்டுக் கழுத்தையும் நுகத்தையும் பூட்டாங்கயிறு பிணைத்ததற்கும் இதற்கும் செயலில் வேறுபாடில்லை; கயிறு இரும்பாயிற்று என்பதே வேறுபாடு. ஆதலின் புதிய கருவிக்குப் பழைய வினை எவ்வித வலிந்த முயற்சியுமின்றிப் பெயராயிற்று.

பழைய தாழும் ஒழிந்துபோகவில்லை; பூட்டுக்குள் புகுந்துகொண்டது. திண்டுக்கல் பூட்டின் உள்ளே மெல்லிய தகடுகளாலான நெம்புகள் அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு நெம்பையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். அனைத்தும் சரியான உயரத்தில் நின்றால்தான் அவற்றின் வெட்டுவாய்கள் ஒரே கோட்டில் வரும். அப்போதுதான் உள்ளிருக்கும் சிறு தாழ் நகர்ந்து வளையத்தை விடும். ஒரு நெம்பு கூடுதலாக உயர்ந்தாலும் குறைவாக உயர்ந்தாலும் தாழ் அசையாது. நெம்புகளின் எண்ணிக்கை கூடக் கூடப் பூட்டின் உறுதியும் கூடும். ஏழு நெம்பு, எட்டு நெம்பு என்று எண்ணிச் சொல்வது இதனால்தான்.

உடன்பிறந்த மொழிகளில்

பரோ, எமனோ என்னும் அறிஞர் இருவர் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, பூண், பூட்டு ஆகியவற்றின் இனச்சொற்களை ஒருசேர வைத்துக் காட்டுகிறது. அவற்றைப் பார்த்தால் ஒரே வேரின் கிளைகள் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு தொழிலைப் பற்றிக்கொண்டமை புலனாகும்.

மலையாளத்தில் பூட்டுக என்றால் கதவைப் பூட்டுவது. ஏரைப் பூட்டி உழுவதும் அதுவே. உழவு மாடுகளைச் சேற்று வயலில் ஓட்டும் போட்டிக்குக் கன்னுபூட்டு என்று பெயர். அங்கே பூட்டு என்னும் சொல் வயலிலும் வாயிலிலும் இன்றும் ஒருசேர நிற்கிறது. சாவிக்கு மலையாளிகள் வைத்திருக்கும் தாக்கோல் என்ற பெயரும் தாழும் கோலும் சேர்ந்ததே.

கன்னடத்தில் பழைய பகரம் இடைக்காலத்தில் ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆயிற்று. பல் ஹல்லு ஆயிற்று. அவ்வழியே பூட்டுக்கு இனமான பூடு என்பது ஹூடு ஆயிற்று. ஹூடு என்றால் மாட்டைப் பூட்டுதல். அதன்மேல் ஒரு செயலைத் தொடங்குதல் என்ற பொருள் ஏறியது. வழக்குத் தொடுப்பதையும் சூழ்ச்சி வகுப்பதையும் கன்னடர் ஹூடு என்பர். தொழிலில் முதலிடுவதற்கு அங்கே ஹூடிகெ என்று பெயர். தமிழன் பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறான். கன்னடன் பணத்தைத் தொழிலில் 'பூட்டுகிறான்'. வேர் ஒன்று, ஒரு நாட்டில் பணத்தை நிறுத்திவைத்தது, மறு நாட்டில் ஏரில் பூட்டிய மாடுபோல ஓடவிட்டது. ஆயினும் கதவில் தொங்கும் பூட்டுக்குக் கன்னடர் இவ்வேரை ஆளவில்லை. அதற்கு அவர்கள் சொல் பீக. மணவழி உறவினரான சம்பந்தியைக் குறிக்கும் சொல்லும் பீக என்றே ஒலிக்கிறது. ஒலி ஒற்றுமை ஒன்றையே கொண்டு இரண்டையும் ஒரு வேரினவாகத் துணிதல் முறையன்று. ஆயினும் கன்னட நாவில் பூட்டும் சம்பந்தியும் ஒரே ஒலியாய் நிற்பது கவிஞர் செவிக்குச் சுவையானது.

தெலுங்கில் பூனு என்றால் மேற்கொள்ளுதல், ஏற்றல். பூனிக என்பது முயற்சியும் உறுதியும். நாம் உறுதி பூண்கிறோம் என்பதற்கும் தெலுங்கர் பூனிக என்பதற்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. பூன்ச்சு என்னும் வினைக்கு நுகத்தில் பூட்டுதல் என்ற பொருளும் உண்டு. எனினும் தெலுங்கரும் கதவுப் பூட்டுக்கு இவ்வேரைக் கொள்ளவில்லை. பூட்டு அவர்களுக்குத் தாளம்.

ஒரு கடைத்தெருவில் பல சொற்கள்

இச்சொற்களைத் தேட நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. திண்டுக்கல் ஊரே பல மொழிகள் வந்து தங்கிய ஊர். திண்டு போன்ற பாறையின்மேல் பதினேழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கோட்டை எழுப்பினார். நாயக்கர் ஆட்சியோடு தெலுங்கும் பாளையங்களும் வேரூன்றின. கன்னடம் பேசும் உழவர் குடிகள் சமவெளியில் நிலம் திருத்தின. சௌராட்டிர நெசவாளர் நாகல்நகரில் குடியமர்ந்தனர். 1755இல் ஐதர் அலி மைசூர்ப் படைத்தலைவராக இங்கு வந்தார். அவர் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயரைப் பேகம்பூர் தாங்கி நிற்கிறது. 1790இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயரிடம் 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்நாடு முழுதாகச் சேர்ந்தது. தமிழன் பூட்டு என்பதைத் தெலுங்கர் தாளம் என்கின்றனர். கன்னடர் பீக என்கின்றனர். உருது பேசுவோர் தாலா என்கின்றனர். பொருள் ஒன்று, சரக்கு ஒன்று. பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு வேறு.

தாளமும் தாலாவும் ஒரு தனிக்கதை உடையவை. தமிழனுக்குத் தாளம் என்றால் இசையின் கால அளவு. தெலுங்கருக்கு இசைத் தாளமும் தாளம், பூட்டும் தாளம். வடமொழியில் பூட்டைக் குறிக்கும் தாலகம் என்ற சொல்லிலிருந்து இந்தித் தாலா வந்தது. அத்தாலகமே திராவிடத் தாழ் என்பதிலிருந்து வடமொழி பெற்ற கடன் என்று கொள்ளும் ஆய்வாளரும் உளர். அக்கருத்து ஏற்புடையதாயின், தமிழில் வீட்டுத் தாழாக இருந்த சொல் வடக்கே சென்று தாலாவாகித் திரும்பி வந்து அதே தெருவில் பூட்டுக்கு எதிரே கடை விரித்திருக்கிறது எனலாம். வட இந்தியாவில் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் அலிகர். அலிகரின் தாலாவும் திண்டுக்கல்லின் பூட்டும் சந்தையில் போட்டியிட்டது பலரும் அறிந்த செய்தி. அப்போட்டிக்குப் பின்னால் கதவைத் தடுக்கும் தாழ், இரண்டைச் சேர்க்கும் பூட்டு என்ற இரு பழங்கருத்துகளும் எதிரெதிரே நிற்கின்றன.

கடல் கடந்து வந்த சாவி

பூட்டு உள்நாட்டுச் சொல். அதைத் திறக்கும் சாவியோ கடல் கடந்து வந்தது. இலத்தீனில் கிளாவிஸ் என்றிருந்த சொல் போர்த்துக்கீசிய மொழியில் ஷாவெ ஆயிற்று. 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துக்கீசியர் கடற்கரை ஊர்களில் கிடங்கும் கோட்டையும் கட்டினர். அவர்களுடைய வீட்டுப் பொருள்களோடு அவற்றின் பெயர்களும் தமிழில் இறங்கின. மேசை, சன்னல், அலமாரி, பீப்பாய், சாவி எல்லாம் அக்கப்பலில் வந்த சொற்கள். வங்காளத்திலும் இந்தியிலும் சாபி என்றும், மராத்தியில் சாவி என்றும் வழங்குவதும் அதுவே. தெலுங்கர் சாவியைத் தாளஞ்செவி என்பர். செவி என்பது தெலுங்கிலும் காதைக் குறிப்பது. போர்த்துக்கீசியச் சொல்லே பழகிய செவியாக உருமாறியது என்பர் சிலர். ஓர் அயற்சொல் உள்நாட்டுச் சொல்லின் உடையை உடுத்திக்கொள்வது மொழிகளில் அரிதன்று.

தமிழ் உழவனிடம் சாவி என்ற வேறொரு சொல் முன்னமே இருந்தது. மணி பிடிக்காமல் கருகிய கதிர் சாவி. 'பயிர் சாவியாய்ப் போயிற்று' என்பது வறண்ட நாட்டின் பெருந்துயரச் சொற்றொடர். சா என்னும் சாதல் வேரிலிருந்து வந்த இச்சாவிக்கும், இலத்தீன் வழிவந்த அச்சாவிக்கும் ஒலியன்றி உறவு எதுவுமில்லை. திண்டுக்கல் சமவெளியில் மழை பொய்த்த ஆண்டுகளில் வயலில் சாவியைக் கண்டவர்களுள் பட்டறைக்குச் சென்று சாவி செய்தவர்களும் இருந்திருக்கக் கூடும். ஒரே ஒலி இழப்புக்கும் பிழைப்புக்கும் பெயராக நின்றது.

அயற்சொல் வாராத இடங்களில் தமிழ் தன் சொல்லைக் காத்தது. திறவுகோல் எழுத்து வழக்கில் உண்டு. ஈழத்தமிழர் சாவியைத் திறப்பு என்றே சொல்வர். தமிழ்நாட்டில் திறப்பு என்பது ஒரு செயல், ஒரு விழா. யாழ்ப்பாணத்தில் அது இடுப்பில் செருகிக்கொள்ளும் ஒரு பொருள்.

ஆமையும் மாங்காயும்

தொங்கு பூட்டுக்கு அதன் வடிவைக் கொண்டு பெயரிட்ட மொழிகளும் உண்டு. தமிழில் ஆமைப்பூட்டு என்றொரு பெயர் உள்ளது. சிங்களத்தில் இப்பா என்றால் ஆமை. தொங்கு பூட்டும் இப்பாதான். ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு பிறர்க்கு இடங்கொடாத உயிரைப் பூட்டில் கண்டவர் கற்பனை கவிஞனது கற்பனை.

திண்டுக்கல் கைவினைஞர் கண்டது மாங்காயை. இவ்வூரின் பெயரை நாடறியச் செய்தது மாங்காய்ப் பூட்டு. சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் இத்தொழிலைத் தொடங்கினர் என்பது ஊரார் சொல்லும் வரலாறு. மாங்காய் வடிவைப் பல அளவுகளில் வார்த்தும் அறுத்தும் அராவியும் கையாலேயே செய்த இத்தொழில் பின்னர்க் கதவுப் பூட்டு, இழுப்பறைப் பூட்டு, சாவியைத் திருப்பும்போது ஓசையெழுப்பும் மணிப்பூட்டு எனப் பல வகைகளாக விரிந்தது. இனி மலாய் நாட்டைப் பார்ப்போம். மலாய் மொழியில் மங்கா என்றால் மாங்கனி. தமிழ் மாங்காயே அங்குச் சென்று மங்காவாயிற்று என்பது சொல்லாய்வாளர் ஏற்ற செய்தி. அதே மங்கா என்னும் ஒலி மலாயில் தொங்கு பூட்டுக்கும் பெயர். மலேசியத் தமிழர் கடையில் பூட்டுக் கேட்கும்போது மலாய்க் கடைக்காரர் மங்காவை எடுத்து நீட்டுவார். திண்டுக்கல் பட்டறையும் மலாய்க் கடையும் ஒன்றையொன்று கேளாமலே மாங்காயையும் பூட்டையும் ஓரிடத்தில் வைத்துவிட்டன. சாவிக்கு மலாய்ச் சொல் குஞ்சி. அது வடமொழிக் குஞ்சிகையின் வழிவந்தது.

கோட்டையும் நுகமும்

ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் பூட்டும் கோட்டையும் ஒரே சொல். செர்மானியர் ஷ்லோஸ் என்பது இரண்டையும் குறிக்கும். போலந்து மொழியில் ஜாமெக் என்பதும் அவ்வாறே. உருசிய மொழியில் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே; அழுத்தத்தை முதலசையில் வைத்தால் கோட்டை, இரண்டாமசையில் வைத்தால் பூட்டு. மூடுதல் என்ற வினையிலிருந்து அவர்கள் தொடங்கினர். ஆகவே பகைவரை வெளியே நிறுத்தும் பெருங்கட்டடமும் திருடனை வெளியே நிறுத்தும் சிறுகருவியும் ஒரு பெயர் பெற்றன. மலைமேல் கோட்டையும் அடிவாரத்தில் பூட்டுப் பட்டறையும் கொண்ட திண்டுக்கல்லை ஒரு செர்மானியர் ஒரே சொல்லால் இருமுறை அழைக்கலாம்.

தமிழ்ப் பூட்டுக்கு ஐரோப்பாவில் ஒப்புத் தேடினால் கோட்டை வாயிலில் கிடைக்காது, வயலில் கிடைக்கும். வடமொழியில் யுஜ் என்னும் வேர் பூட்டுதலைக் குறிப்பது. அதிலிருந்து யோகம் வந்தது. ஆங்கிலேயர் நுகத்தை யோக் என்பது அவ்வேரின் கிளையே. இலத்தீனில் அதே குடும்பத்துச் சொல்லிலிருந்து மணவாழ்வைக் குறிக்கும் சொல் பிறந்தது. ஒரே நுகத்தடியில் இணைந்தோர் என்பது அதன் கருத்து. நாம் திருப்பூட்டு என்பதும் அதே கருத்து. இவ்விரு மொழிக் குடும்பங்களுக்கும் இதில் சொல்லுறவு இல்லை, உழவுறவு உண்டு. மாட்டையும் நுகத்தையும் சேர்த்த மனிதர் எங்கிருந்தாலும் மணத்துக்கும் தவத்துக்கும் அங்கிருந்தே சொல் எடுத்தனர். ஆயின் அவ்வேரைக் கதவுவரை கொண்டுவந்தது தமிழும் மலையாளமுமே.

இன்று எஞ்சியது

2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே மாவட்டத்துப் பழனிப் பஞ்சாமிர்தமும் அவ்வாண்டே அத்தகுதி பெற்றது. பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் முயற்சியால் வந்த இந்த ஏற்பு, இந்த ஊரில் இந்த முறையில் செய்ததே திண்டுக்கல் பூட்டு என்று சட்டம் ஒப்புக்கொண்டதற்குச் சான்று. ஆனால் அது வந்த காலத்தில் கைவினைஞர் தொகை சுருங்கியிருந்தது. பொறியில் செய்த மலிவுப் பூட்டோடு கையால் அராவிய பூட்டு விலையில் போட்டியிட இயலவில்லை; தந்தையின் பட்டறைக்கு மகன் வருவதும் அரிதாயிற்று. சரக்கின் பெயரைக் காக்கச் சட்டம் உண்டு. சொல்லின் பொருளைக் காக்க அத்தகைய சட்டம் இல்லை.

சொல்லிலும் ஒரு சுருக்கம் நிகழ்ந்துள்ளது. உழுபொறி வந்தபின் நுகத்தடி பரணேறிற்று. கமலை மறைந்தபின் பூட்டாங்கயிறு என்ற பெயரைக் கேட்ட பிள்ளைகள் குறைந்தனர். மிஞ்சியவை பெரும்பாலும் அடைத்தற்பொருள் வழக்குகள். ஆலைக்குப் பூட்டு என்றால் வேலையிழப்பு. பேச விடாமல் தடுப்பதற்கு வாய்ப்பூட்டு என்பர். 1878இல் ஆங்கில அரசு இந்திய மொழி இதழ்கள்மேல் கொண்டுவந்து ரிப்பன் காலத்தில் நீக்கிய சட்டத்தைத் தமிழில் வாய்ப்பூட்டுச் சட்டம் என்றே சுட்டுவர். இன்றைய புதுக்கவிதையிலும் பூட்டு பெரும்பாலும் சிறைக்கும் மௌனத்துக்கும் மறுப்புக்கும் குறியீடாக வருகிறது. அவ்வழக்குகள் பிழையல்ல, அவையும் இச்சொல்லின் வரலாற்றில் ஒரு பகுதி. ஆனால் அவையே முழுமை என்றாகிவிட்டால், விடியற்காலையில் மாட்டையும் நுகத்தையும் சேர்த்த சொல், வில்லின் முனைகளைச் சேர்த்த சொல், பாட்டின் முதலையும் முடிவையும் சேர்த்த சொல் தமிழனுக்கு அயற்சொல்லாகிவிடும். அப்போது நன்னூல் பயிலும் மாணவன் பூட்டுவில் என்ற பெயரைக் கண்டு, வில்லுக்கு எதற்குப் பூட்டு என்று கேட்பான்.

இது நேராமல் தடுக்க ஒரு வழி அருகிலேயே இருக்கிறது. நுகத்தடியில் மாடு பூட்டிய கைகள் திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில் இன்னும் உள்ளன. மாங்காய்ப் பூட்டுக்கு நெம்பு அறுத்த கைகளும் நகரின் பட்டறைகளில் உள்ளன. உழவன் கயிற்றுக்கும் கொழுவுக்கும் மேழிக்கும் சொன்ன பெயர்களும், ஆசாரி தகட்டுக்கும் சுருளுக்கும் பல்லுக்கும் சொன்ன பெயர்களும் முழுமையாக எழுத்தில் ஏறவில்லை. அகராதிகள் நூல்களில் உள்ள சொற்களை எளிதில் தொகுத்துவிடும். பட்டறைச் சொல்லுக்கும் வயற்சொல்லுக்கும் ஆள் நேரில் செல்லவேண்டும். ஓர் ஏட்டையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு அம்முதியோரிடம் செல்வது ஒரு பல்கலைக்கழகத்துக்காகக் காத்திருக்கவேண்டிய பணியன்று. ஓர் இலக்கிய வட்டத்தார் சில ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடிக்கக்கூடிய பணி. அச்சொற்கள் பாட்டில் ஏறினால் வழக்கில் நிற்கும். பூட்டு என்ற சொல்லை இனிக் கவிதையில் ஆளும் கவிஞர், அதை எழுதுமுன் அது எவ்விரண்டைச் சேர்க்கிறது என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால், பழைய பொருள் புதிய பாட்டிலும் வேலை செய்யும்.